பெயரும் ஊரும் உள்ள கவிஞர்: சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

உலகக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும், அவற்றை வெளியிடும் சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும், தொகைநூல் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்கப் பூர்வகுடிகளின் கவிதை என்ற பெயரில் நம் இதழ்களில் வெளியாகும் பக்கங்களைக் குறித்து உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். பெரும்பாலும் அப்பக்கங்களில் ஒரு சிறு பாடல் இருக்கும். அதன் கீழே ‘நவஹோ பாடல்’ என்றோ ‘சியூ பிரார்த்தனை’ என்றோ ஓர் இனக்குழுவின் பெயர் மட்டும் இருக்கும். எழுதியவர் யார், எந்த ஊர்க்காரர், எந்த ஆண்டில் எழுதினார் என்ற விவரம் எதுவும் இராது. சிலி நாட்டுக் கவிஞரையோ போலந்துக் கவிஞரையோ வெளியிடும்போது பிறந்த ஆண்டு முதல் பெற்ற பரிசு வரை குறிப்பு எழுதும் நாமே, இவர்கள் விஷயத்தில் மட்டும் பெயரில்லாத மூதாதையர் ஒருவரின் ஞானவாக்கு கிடைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தலைவர் சியாட்டிலின் உரை ஒன்றே போதும். தமிழிலும் பல வடிவங்களில் உலவிவரும் அந்தச் சூழலியல் உரை, 1970களின் தொடக்கத்தில் டெட் பெர்ரி என்ற அமெரிக்கர் ஒரு திரைப்படத்துக்காக எழுதியது. சியாட்டில் உண்மையான மனிதர்தான். 1854இல் அவர் ஓர் உரை ஆற்றியதாகவும் பதிவு இருக்கிறது. ஆனால் அதை ஹென்றி ஸ்மித் என்பவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1887இல்தான் ஒரு செய்தித்தாளில் எழுதினார். நாம் படிப்பதும் பகிர்வதும் அந்தப் பதிவுகூட அல்ல. ஓடும் ரயிலிலிருந்து சுடப்பட்டு அழுகிக் கிடந்த காட்டெருமைகளைக் கண்டதாகப் பெர்ரியின் உரையில் ஓர் இடம் வரும். பசிபிக் கடலோரத்தில் வாழ்ந்த சியாட்டிலின் ஊருக்கு அப்போது ரயிலும் வரவில்லை. அந்தக் காட்டெருமைகள் மேய்ந்த சமவெளியோ மலைத்தொடர்களுக்கு அப்பால் இருந்தது. இதெல்லாம் வெளிவந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன; ஆனாலும் அந்த உரையை நாம் விடுவதாக இல்லை.

அதற்கு மாற்றாக ஒரு கவிஞரை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பெயர் மோரிஸ் கென்னி. 1929 ஆகஸ்டு 16 அன்று நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கு அருகில் உள்ள வாட்டர்டவுன் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். 2016 ஏப்ரல் 16 அன்று அதே மாநிலத்தின் சரனாக் லேக் என்ற மலையூரில் இறந்தவர். கவிஞர், சிறுபதிப்பாளர், இதழாசிரியர், கல்லூரி ஆசிரியர். தந்தை வழியில் மோஹாக் என்ற பூர்வகுடி மரபினர் என்று தன்னைக் கூறிக்கொண்டவர். ஆங்கிலத்தில் எழுதினார்.

அவரிடமிருந்து ஒரே ஒரு கவிதையைத்தான் வெளியிட இடமிருக்கிறது என்றால், ‘பொது இடத்தில் கவிதை வாசித்தல்’ என்று பொருள்படும் தலைப்புடைய கவிதையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். மேடையில் ஒரு கவிஞர் நிற்கிறார். வீதியில் நொறுங்கிப்போன சிறுவர்களைப் பற்றியும், ஏமாற்றப்பட்ட முதிய தலைவர்களைப் பற்றியும், விடியற்காலையில் குதிரைப்படை நடத்திய படுகொலைகளைப் பற்றியும் வாசிக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள், உங்கள் ஆட்கள் முகச்சவரம் செய்வார்களா என்று கேட்கிறார்கள். அவர் மேலும் வாசிக்கிறார். பூர்வகுடிகளில் எத்தனை பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று கேள்வி வருகிறது. ஒலிவாங்கிக்குள் வாசிக்கிறார், கேமராவுக்குள் வாசிக்கிறார். கையில் போட்டிருக்கும் மோதிரம் அழகாக இருக்கிறது என்கிறார்கள். செய்தித்தாளின் தலைப்பை ஒரு பந்தயக் குதிரையின் சாவு பிடித்துக்கொள்கிறது. வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு ஹாம்பர்கர் சாப்பிடப் போகிறார்கள். இரவு தொலைக்காட்சியில் ஜெரோனிமோ என்ற அபாச்சி பூர்வகுடிப் போராளி சாவதைப் பார்க்க பீர் வாங்கிக்கொள்கிறார்கள். குரலை உயர்த்தாமல், கேள்விகளை வந்த வரிசையில் அடுக்கிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வதுதான் அதன் உத்தி. நம் வாசகர்கள் அந்த அரங்கில் தங்களுக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டிருப்பதைத் தாங்களாகவே கண்டுகொள்வார்கள். நாம் அடிக்குறிப்பு எழுத வேண்டியதில்லை.

மோஹாக் மக்கள், ஹாடனோசோனி என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ஆறு தேசக் கூட்டமைப்பின் கிழக்கு வாசலைக் காப்பவர்கள். இன்று அவர்களுடைய பெரிய குடியிருப்புகளில் ஒன்றான அக்வெசாஸ்னே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் இரு கரைகளிலும், நியூயார்க் மாநிலம், கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் என மூன்று ஆட்சிப் பரப்புகளுக்குள் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. கென்னி அக்குடியிருப்பில் வளர்ந்தவரல்லர். பெற்றோர் பிரிந்த குடும்பத்தில், வாட்டர்டவுனில் தந்தையிடமும் நியூஜெர்சியில் தாயிடமுமாக மாறிமாறி வளர்ந்தார். பிறகு இண்டியானாவில் பட்லர் பல்கலைக்கழகத்திலும், நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். நியூயார்க்கில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் லூயிஸ் போகன். நியூயார்க்கர் வார இதழில் கவிதை விமர்சனத்தை முப்பத்தெட்டு ஆண்டுகள் எழுதியவர், கண்டிப்பான கவிஞர். 1950களில் வந்த கென்னியின் முதல் சிறுநூல்களில் பூர்வகுடி அடையாளம் முன்னே நிற்கவில்லை. அக்காலத்து அமெரிக்க இளங்கவிஞர் எவரும் எழுதக்கூடிய தன்னுணர்ச்சிப் பாடல்கள் அவை. அதற்குப் பிறகு நூல் வெளியீடு நின்று, புத்தகக் கடை வேலை, மெக்சிகோ, கரீபியத் தீவு, சிகாகோ என்று பல ஆண்டுகள் அலைச்சலில் கழிந்தன. 1960களின் பிற்பகுதியில் நியூயார்க் நகரின் ப்ரூக்ளினுக்கு வந்து தங்கினார்.

1973 பிப்ரவரியில் தெற்கு டகோட்டாவின் ஊண்டட் நீ என்ற ஊரைப் பூர்வகுடிப் போராளிகள் கைப்பற்றினர். 1890இல் லகோட்டா மக்களை அமெரிக்கப் படை கொன்று குவித்த அதே ஊர். 71 நாள் நீடித்த அந்த முற்றுகை, நாடெங்கும் சிதறிக் கிடந்த பூர்வகுடி எழுத்தாளர்களை ஒரே திசையில் திரும்பிப் பார்க்க வைத்தது. கென்னி அப்போது எழுதிய நெடும்பாடல்தான் ‘நானே சூரியன்’. அவருடைய இரண்டாவது பிறப்பு அதுவே என்று நான் கருதுகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய பின் தன் பொருளைக் கண்டடைந்து, அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் எழுதியவர் அவர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ப்ரூக்ளினும் மோஹாக் மக்களின் வரைபடத்தில் உள்ள ஓர் ஊர்தான். கியூபெக் பாலம் 1907இல் இடிந்து விழுந்தபோது இறந்த தொழிலாளர்களில் 33 பேர் ககனவாகே என்ற மோஹாக் ஊரைச் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகும் அவ்வூர் ஆண்கள் உயரத்து இரும்பு வேலையைக் கைவிடாமல், நியூயார்க்கின் வானுயர்ந்த கட்டடங்களில் விட்டம் பொருத்தினார்கள். ப்ரூக்ளினில் குடும்பத்தோடு ஒரு பேட்டையாகவே வாழ்ந்து, வார இறுதிகளில் வண்டியை வடக்கே விட்டுத் தங்கள் ஊருக்குப் போய் வந்தார்கள். கென்னி இரும்பு வேலை செய்தவரல்லர். ஆனால் ‘பூர்வகுடிக் கவிதை’ என்றவுடன் காடும் பருந்தும் மட்டுமே நினைவுக்கு வருபவர்களுக்கு இந்தத் தகவல் பயன்படும்.

அவர் 1976இல் தொடங்கிய பதிப்பகத்துக்கு ஸ்ட்ராபெரி பிரெஸ் என்று பெயரிட்டார். ஹாடனோசோனி மரபில் ஜூன் மாதம் பழுக்கும் காட்டு ஸ்ட்ராபெரி மருந்துக் கனி. அதற்கெனச் சடங்கும் திருவிழாவும் உண்டு. மேலுலகம் செல்லும் வழியோரம் அக்கனி விளைந்திருக்கும் என்பது நம்பிக்கை. பெரிய பதிப்பகங்கள் எட்டிப் பார்க்காத பூர்வகுடிக் கவிஞர்களின் படைப்புகளை மெலிந்த சிறுநூல்களாகவும் அஞ்சலட்டைகளாகவும் அந்தப் பதிப்பகம் வெளியிட்டது. அதே காலத்தில் ‘காண்டாக்ட்/2’ என்ற கவிதை விமர்சன இதழையும் நண்பரோடு இணைந்து நடத்தினார். விற்பனையை நம்பாமல், கைக்காசைப் போட்டு, அடுத்தவர் கவிதையைத் தன் கவிதைக்கு முன்னால் அச்சுக்கு அனுப்பிய மனிதர் என்று சொன்னால், உங்களில் பலருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

‘காட்டு ஸ்ட்ராபெரி’ என்றே ஒரு கவிதையும் எழுதினார். கிரேஹவுண்ட் பேருந்தில் ப்ரூக்ளின் வந்து சேர்ந்தவர், மெக்சிகோவிலிருந்து இறக்குமதியான, நிறமும் இனிப்பும் இல்லாத, கட்டைபோன்ற ஸ்ட்ராபெரிப் பழங்களைத் தின்றுகொண்டிருக்கிறார். நினைவு வடக்கே போகிறது. முழங்காலிட்டுக் குனிந்து பறித்த வயல், வலித்த முதுகு, பழத்துக்காக நீலப் பறவைகளோடும் வயலெலிகளோடும் போட்டி போட்டது, காயத்துக்குப் பச்சிலை வைத்துக் கட்டிய தாய் என்று அடுத்தடுத்து வருகின்றன. இதோடு நின்றிருந்தால் நல்ல ஏக்கக் கவிதைகளில் ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் கவிதை மறுபடியும் அந்தச் சந்தைப் பழத்துக்கே திரும்புகிறது: இதை நான் பறிக்கவில்லை, பறித்த கைகளை எனக்குத் தெரியாது, அவர்களுடைய கதைகளும் தெரியாது என்கிறார். தன் இழப்பைப் பாட வந்த இடத்தில், மெக்சிகோ விவசாயக் கூலியின் இழப்புக்கும் இடம் விடுகிறது அந்தக் கவிதை. நாம் வெளியிட்டுவரும் பெயரற்ற பிரார்த்தனைகளில் இந்த மனம் கிடைக்காது. அவற்றில் வரும் மூதாதையர் சந்தைக்குப் போவதே இல்லை.

அவருடைய பெரிய சாதனை என நான் நினைப்பது 1982இல் வந்த ‘பிளாக்ரோப்: ஐசக் ஜோக்’ என்ற தொடர் கவிதை நூல். பிளாக்ரோப், அதாவது கறுப்பு அங்கி, என்பது யேசு சபைத் துறவிகளுக்குப் பூர்வகுடிகள் வைத்த பெயர். ஐசக் ஜோக் 1607இல் பிரான்சில் பிறந்து, கனடாவுக்கு வந்த மறைபரப்பாளர். 1642இல் மோஹாக் படையிடம் சிறைப்பட்டு, விரல்கள் சிதைக்கப்பட்டு, ஓராண்டு அவர்களிடையே அடிமையாக இருந்து, டச்சுக்காரர் உதவியால் தப்பி ஊர் திரும்பினார். சிதைந்த கையோடு பூசை செய்யப் போப்பாண்டவரிடம் தனி அனுமதி பெற்ற அவர், மீண்டும் அதே மண்ணுக்கு வந்தார். 1646இல் சமாதானத் தூதராக மோஹாக் ஊருக்குச் சென்றவர், திரும்பி வருவதன் அடையாளமாக ஒரு பெட்டியை அங்கே விட்டுச் சென்றார். அவர் போன பின் ஊரில் நோய் பரவியது. பயிரில் புழு விழுந்தது. பழி பெட்டியின் மேல் விழுந்தது. அக்டோபர் 18 அன்று, திரும்பி வந்த ஜோக் கோடரியால் வெட்டுண்டு இறந்தார். 1930இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இந்தக் கதை யேசு சபையினர் ஆண்டுதோறும் பாரிசுக்கு அனுப்பிய அறிக்கைகள் வழியாகத்தான் உலகுக்குத் தெரியும். வெட்டியவர் தரப்பில் எழுத்து இல்லை. கென்னி அந்த அறிக்கைகளைத் தூக்கி எறியவில்லை. ஜோக்குக்கு நிறையவே பேச இடம் தருகிறார், அவருடைய அச்சத்தையும் பிடிவாதத்தையும் பக்தியையும் கேலி செய்யாமல் எழுதுகிறார். கூடவே மோஹாக் ஊரின் குரல்களையும் அடுத்தடுத்து நிறுத்துகிறார். அவரோடு பழகியவர்களும் உண்டு, பெட்டியைக் கண்டு நடுங்கியவர்களும் உண்டு. அம்மை போன்ற நோய்கள் ஐரோப்பியரோடு சேர்ந்தே வந்தன என்பது இன்று நமக்குத் தெரியும். ஆகவே பெட்டியைப் பார்த்து அஞ்சியவர்கள் மூடர்கள் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. புனிதர் கதையை எதிர்க்கதையால் அடிப்பது சுலபம். ஒரே சாவை இரண்டு நியாயங்களுக்கு நடுவில் வைப்பது கடினம். அதை இந்த நூல் செய்கிறது. முழுதாக மொழிபெயர்க்க வேண்டிய நூல் இதுவே.

இந்த நூலை முதலில் வெளியிட்டது எது என்பதும் கவனிக்கத்தக்கது. நியூயார்க் நகரத்துப் பெரிய நிறுவனம் எதுவும் அல்ல. சரனாக் லேக்கில் உள்ள நார்த் கன்ட்ரி சமுதாயக் கல்லூரியின் சிறு அச்சகம். அதே கல்லூரியில்தான் கென்னி பின்னர் ஆசிரியரானார். அடிரோண்டாக் மலையில், காசநோய் மருத்துவத்துக்காக ஒரு காலத்தில் நாடறிந்த அவ்வூரில், இரண்டாண்டுப் பட்டயம் தேடி வரும் உள்ளூர் மாணவர்களுக்குக் கவிதை எழுதச் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாட்ஸ்டாம் வளாகத்திலும் பல ஆண்டுகள் கற்பித்தார். 1995இல் செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. ஆசிரியப் பணி அவருக்குப் பிழைப்புக்கான உபதொழில் மட்டும் அல்ல என்பதற்கு அவர் தொகுத்த நூல்களே சான்று. தன் தலைமுறைப் பூர்வகுடிக் கவிஞர்களுக்காக 1983இல் ஒரு தொகை, பின்னர் சிறுகதைகளுக்காக ஒரு தொகை என்று, வகுப்பறையில் கற்பிக்கப் பாடநூல் இல்லாத இடத்தில் பாடநூலைத் தானே செய்தார்.

1984இல் ‘அம்மா கவிதைகள்’ என்று பொருள்படும் தொகுப்புக்கு அமெரிக்கன் புக் அவார்ட் கிடைத்தது. பெரிய பதிப்பகங்களின் விருதான நேஷனல் புக் அவார்டு வேறு, இது வேறு. இதை வழங்குவது பிஃபோர் கொலம்பஸ் பவுண்டேஷன். எழுத்தாளர்களே எழுத்தாளர்களைத் தேர்ந்து பாராட்டும் பரிசு. குறிப்பு எழுதும்போது இரண்டையும் குழப்பிவிட வேண்டாம். 1992இல் வந்த ‘டெக்கான்வதாண்டி’ என்ற நூல், மோலி பிராண்ட் என்ற மோஹாக் பெண்ணைப் பற்றியது. பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஜான்சனின் வாழ்க்கைத் துணையாக இருந்து, அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டிஷ் பக்கம் மோஹாக் மக்களை நிறுத்தியவர் அவர். 1777இல் ஒரிஸ்கனி போரில் மோஹாக்கும், கூட்டமைப்பின் இன்னொரு தேசமான ஒனைடாவும் எதிரெதிரே நின்று, கூட்டமைப்பே உடைந்தது. வென்றவர்களுக்கு அவர் துரோகி. தன் மக்களுக்கோ அவர் நிலத்தைக் காக்க முயன்றவர். போர் முடிந்தபோது அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியம். மோஹாக் பள்ளத்தாக்கு கிடைக்கவில்லை.

இனி, வெளியிடும்போது நம் பக்கத்தில் தயக்கம் எழக்கூடிய இரண்டு விஷயங்கள். கென்னி தன்பால் ஈர்ப்புடையவர், அதை மறைக்காதவர். பூர்வகுடி மரபுகளில் தன்பால் உறவுக்கு இருந்த இடத்தைப் பற்றி, 1970களின் நடுவிலேயே கட்டுரையும் கவிதையும் எழுதி அச்சில் கொண்டுவந்தார். ‘ப்ரூக்ளின் வரை மட்டுமே’ என்ற 1979ஆம் ஆண்டுத் தொகுப்பு பாஸ்டனில் தன்பால் ஈர்ப்புடைய கவிஞர்கள் நடத்திய பதிப்பகத்திலிருந்து வந்தது. பருந்துக் கவிதைகளை எடுத்துக்கொண்டு இவற்றை விட்டுவிட்டால், மீண்டும் நமக்குப் பிடித்த மூதாதையர் ஒருவரைச் செய்துகொண்டவர்கள் ஆவோம்.

இரண்டாவது, அவருடைய மோஹாக் அடையாளம் பற்றிய கேள்வி. தந்தை வழியில் தான் மோஹாக் என்றே அவர் சொல்லிவந்தார். ஆனால் ஹாடனோசோனி மரபில் ஆமை, ஓநாய், கரடி என்ற குலங்கள் தாய் வழியில் மட்டுமே வரும். தந்தை வழி உறவு ஒருவரைக் குலத்துக்குள் சேர்ப்பதில்லை. பூர்வகுடி அடையாளத்தை யார் உரிமை கோரலாம் என்ற விவாதம் இன்று வட அமெரிக்காவில் கடுமையாக நடந்துவருகிறது. அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு, ஏனெனில் பொய்யாக உரிமை கொண்டாடிப் பதவியும் பரிசும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அறிமுகக் குறிப்பில் ‘மோஹாக் குலத் தலைவர் மரபில் வந்தவர்’ என்றெல்லாம் அலங்காரமாக எழுதாமல், ‘தந்தை வழியில் மோஹாக் மரபினர் என்று தன்னைக் கூறிக்கொண்டவர்’ என்று எழுதுவதே நேர்மை. இதனால் அவர் கவிதை குறைந்துவிடாது என்பது என் கருத்து. குலமும் ஊரும் ஐயத்துக்கிடமின்றிக் கிடைத்திருந்தால், ப்ரூக்ளினில் உட்கார்ந்து ஆற்றங்கரை வயலை அவ்வளவு துல்லியமாக நினைத்துப் பார்த்திருப்பாரா என்பதும் சந்தேகமே.

உரிமை பற்றியும் ஒரு சொல். நாட்டார் பாடல் என்று நினைத்து அனுமதி கேட்காமல் போடும் வழக்கம் இங்கே செல்லாது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. கென்னியின் கவிதைகளுக்கு 2076 முடியும் வரை அது நீடிக்கும். அவருடைய முக்கியத் தொகுப்புகள் பலவற்றை வெளியிட்டது நியூயார்க் மாநிலத்தின் ஒயிட் பைன் பிரெஸ் என்ற சிறு பதிப்பகம். அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இனி இப்பக்கத்துக்கு வரும் எந்தப் படைப்பின் கீழும் எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு, எடுக்கப்பட்ட நூல் ஆகியவற்றை அச்சிடுங்கள். அவை கிடைக்காத படைப்பைக் கிடைக்கும் வரை நிறுத்திவையுங்கள். சிறப்பிதழ் போடும் எண்ணம் உள்ளவர்கள் ‘பொது இடத்தில் கவிதை வாசித்தல்’, ‘காட்டு ஸ்ட்ராபெரி’ ஆகிய இரண்டு கவிதைகளோடும், ஜோக் நூலிலிருந்து எதிரெதிர்த் தரப்பில் நிற்கும் இரண்டு குரல்களோடும் தொடங்கலாம். ஜோக் நூலைப் பலருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்காமல் ஒரே மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்படைப்பது நல்லது. குரல்களுக்கு இடையிலான வேறுபாட்டை ஒருவர் கை மட்டுமே காப்பாற்ற முடியும். வரைவுகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க என்னால் இயன்ற உதவியைச் செய்ய அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
கவிதை வாசகர் ஒருவர்